இருபத்தொரு மீட்டர் தூரத்தில் ஒரு சைக்கிள்

செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் இருக்கிறது வாலாஜாபாத். வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வரும் சாலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கண்டெய்னர் லாரி, ஜல்லி ஏற்றிய டிப்பர், பட்டு நெசவாளரின் மொபெட், பள்ளி விட்டு வரும் மாணவனின் சைக்கிள் எல்லாம் ஒரே தார்ச் சாலையில் ஓடுகின்றன.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. அந்த மாணவன் திடீரென்று சைக்கிளைச் சாலையின் குறுக்கே திருப்புகிறான். 21 மீட்டர் தூரத்தில் ஒரு கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வருகிறது. நின்றுவிடுமா? வேகம் 60 கி.மீ. என்றால்? "கொஞ்சம்தானே கூடுதல், மோதினாலும் மெதுவாகத்தான் மோதும்" என்று என் கல்லூரி மாணவர்களே சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஆபத்தைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகட்டும். (இது ஓட்டுநருக்கு மிகவும் சாதகமான மதிப்பு. சாலை வடிவமைப்புக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் 2.5 விநாடி என்று கணக்கிடுகிறது.) அந்த ஒரு விநாடியில் கார் வேகம் குறையாமல் 11 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகுதான் பிரேக். டயருக்கும் உலர்ந்த சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.7 என்று கொள்வோம். வேகத்தின் இருமடியை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்கற்பலனைப் போல் இரு மடங்கால் வகுத்தால் 9 மீட்டர் கிடைக்கும். மொத்தம் 20 மீட்டர். ஒரு மீட்டர் மிச்சம். பையன் வீட்டுக்குப் போய்விடுவான்.

இப்போது 60 கி.மீ. முதல் விநாடியிலேயே 16.7 மீட்டர் போய்விட்டது. எஞ்சியது 4.3 மீட்டர். நிற்கவோ 20 மீட்டர் வேண்டும். ஆகவே சைக்கிளில் மோதும்போது காரின் வேகம் என்ன தெரியுமா? 53 கி.மீ.! 11 மீட்டர் உயரத் தென்னை மரத்தின் உச்சியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் இது. 80 கி.மீ. என்றால் கணக்கே வேண்டாம். பிரேக்கில் கால் படுமுன்பே மோதல் முடிந்துவிடும்.

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருப்பதுதான் இதற்குக் காரணம். மழை பெய்து உராய்வுக் குணகம் 0.4 ஆகிவிட்டால், 40 கி.மீ. காருக்கும் 27 மீட்டர் தேவைப்படும்.

இனி நாட்டின் கணக்கைப் பாருங்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள். மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. குண்டும் குழியுமான சாலையும் கொண்டை ஊசி வளைவும்தான் காரணம் என்று நினைப்போம். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு விபத்துகள் நேரான சாலையில் நடந்தவை! இறந்தவர்களில் பத்தில் ஏழு பேர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள். நல்ல சாலை வேகத்தைக் கூட்டுகிறது. வேகம் கூடினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

மிக அதிகமான விபத்துகள் மாலை 6 முதல் 9 மணி வரை நடக்கின்றன. மோதல் வகைகளில் பின்னாலிருந்து மோதுவது முதலிடம் பெறுகிறது. தாழ்த்திய முகப்பு விளக்கு ஏறத்தாழ 40, 50 மீட்டர்தான் காட்டும். 80 கி.மீ. வண்டி நிற்க 58 மீட்டர் வேண்டும். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி கண்ணில் படும்போதே காலம் கடந்துவிடுகிறது.

அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதன் உள்ளே இருப்பது வெறும் தெர்மோகோல் போன்ற பொருள்தான். அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுப்பதால் தலை நிற்பதற்குச் சற்று அதிகத் தூரம் கிடைக்கிறது. விசை பல மடங்கு குறைகிறது. சிலர் இதைப் பெட்ரோல் டாங்கின் மேல் மாட்டிக்கொண்டு போகிறார்கள். டாங்குக்கு எதற்கு அது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் 30 செ.மீ. அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விடட்டும். கீழ்முனையில் விரல்களை விரித்து வைத்திருந்து பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்திருந்தால் நீங்கள் எடுத்துக்கொண்டது 0.2 விநாடி. அதற்குள் 60 கி.மீ. வண்டி 3 மீட்டருக்கு மேல் போயிருக்கும். இனி மற்றொரு கையில் செல்பேசியை வைத்து ஏதாவது படித்துக்கொண்டே பிடித்துப் பாருங்கள். அடிக்கோல் தரையில் கிடக்கும்.