கூற்றும் குரலும்: கடலூர் வட்டாரப் புனைகதையாளர்களின் தனிக்குரல் உருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்தாளரின் தனிக்குரல் என்பது அவர் பிறந்த மண்ணின் மொழியே என்னும் கருத்து தமிழ் ஆய்வுலகில் பரவலாக உள்ளது. கடலூர், சிதம்பரம் பகுதிகளோடு பிறப்பாலோ வாழ்வாலோ தொடர்புடைய புதுமைப்பித்தன், ஜெயகாந்தன், மௌனி, இமையம் ஆகிய நால்வரின் புனைகதைகளை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. கதைசொல்லியின் மொழிக்கும் கதைமாந்தரின் மொழிக்கும் இடையே எழுத்தாளர் அமைத்துக்கொள்ளும் உறவே தனிக்குரல் என்பதைத் தொல்காப்பியத்தின் ‘கூற்று’ என்னும் கருத்தாக்கத்தின் துணையுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூற்று, தனிக்குரல், நடுநாடு, கதைசொல்லி, வட்டார வழக்கு, மொழிநடை.

முன்னுரை

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாகக் கூற்றினைக் குறிப்பிடுகிறது. யார் கூறுகிறார், யார் கேட்கிறார் என்பவற்றைத் தெளிந்த பின்னரே அகப்பாடலின் பொருள் துலங்கும். அகப்பாடலில் புலவர் தம் பெயரால் பேசுவதில்லை. தலைவியாக, தோழியாக, செவிலியாகவே பேசுகிறார். ஆயினும் கபிலரின் தோழியும் பரணரின் தோழியும் ஒரே வகையாகப் பேசுவதில்லை. பிறர் கூற்றின் வழியாகவே புலவரின் தனித்தன்மை வெளிப்படுகிறது. பக்தி இலக்கியத்தில் இந்நிலை மாறுகிறது. திருவாமூரில் பிறந்து, கல்லோடு கடலில் இடப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் ஏறியதாகப் பெரியபுராணம் கூறும் திருநாவுக்கரசர், தம் வாழ்வையே பாடுபொருளாக்கி ‘நான்’ என்று பேசுகிறார்.

தன்னை மறைத்துப் பேசுவது, தன்னை முன்னிறுத்திப் பேசுவது ஆகிய இவ்விரு மரபுகளும் இருபதாம் நூற்றாண்டின் உரைநடைப் புனைகதைக்கு வந்து சேர்ந்தன. இவற்றுக்கிடையே தமக்குரிய நிலையை ஒவ்வொரு புனைகதையாளரும் கண்டடைய வேண்டியிருந்தது. அத்தேடலை ஒரே வட்டாரத்தின் எல்லைக்குள் வைத்து ஆராயக் கடலூர்ப் பகுதி ஏற்ற களமாகிறது. ஒரே மண்ணோடு தொடர்புடையவர்கள் முற்றிலும் வேறுபட்ட குரல்களை அடைந்தமையே இதற்குக் காரணம்.

புதுமைப்பித்தன்: பல குரல்களின் வழியே ஒரு குரல்

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையின் அரசுப்பணி காரணமாக இளமைக் கல்வி செஞ்சி, திண்டிவனம் முதலிய ஊர்களில் அமைந்தது. தந்தையின் ஓய்வுக்குப் பின்னரே குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அவர் காதில் முதலில் விழுந்த ஊர்ப்பேச்சு நடுநாட்டினுடையது. எனினும் அவருடைய கதைகளில் நிலைபெற்றது நெல்லைப் பேச்சே. பிறந்த இடம் குரலைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதுவே முதற்சான்று.

அவரது குரல் தொடக்கத்திலேயே முழுமையாக அமைந்ததன்று. மாப்பசான் முதலிய பிறமொழி ஆசிரியர்களின் கதைகளைத் தழுவி எழுதியவை அவருடைய தொடக்கக்கால எழுத்துகளில் உள்ளன. இவற்றை அவரது தகுதிக்கு எதிரான குற்றச்சாட்டாக முன்வைத்தோரும் உண்டு. குரல் உருவாக்கம் என்னும் நோக்கில் காணும்போது இவை பயிற்சிக்களங்களாகத் தோன்றுகின்றன. கவிதைக்கு ‘வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை’, விமர்சனத்திற்கு ‘ரசமட்டம்’ என அவர் புனைபெயர்களை மாற்றிக்கொண்டதும் இவ்வாறே நோக்கத்தக்கது. வேறுவேறு பெயர்களில் வேறுவேறு தொனிகளைச் சோதித்த ஒருவரின் செயல் இது.

அவரது முதிர்ந்த கதைகளில் கதைசொல்லி நடுநிலையாளன் அல்லன். செந்தமிழ்ச் சொல்லை அடுத்துப் பேச்சுவழக்கையும், பெருமிதத்தை அடுத்துக் கேலியையும் வைக்கிறான். ‘பொன்னகரம்’ கதையின் முடிவில் மாந்தரை விட்டுவிட்டு வாசகரிடமே நேரடியாகப் பேசுகிறான். ‘தவளைப் பாய்ச்சல்’ என்று சுட்டப்படும் அவரது நடை, இத்தொனி மாற்றங்களின் விளைவாகும்.

ஜெயகாந்தன்: விவாதிக்கும் கதைசொல்லி

1934-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் பள்ளிக்கல்வி ஐந்தாம் வகுப்போடு நின்றது. சென்னையில் பொதுவுடைமைக் கட்சி அலுவலகச் சூழலும் அச்சகப் பணியும் அவருக்குக் கல்வியாயின. அவர் கதைகளில் ஒலிக்கும் நகர்ப்புற எளிய மக்களின் பேச்சு, பிறப்பால் வந்ததன்று. உடன் வாழ்ந்து செவியால் பெற்றது.

அவரது கதைசொல்லி மாந்தரை அவர்தம் மொழியிலேயே பேசவிடுவான். பின்னர்த் தன் மொழியில் அவர்களுக்காக வாதிடுவான். இந்த அமைப்பின் வலிமையையும் எல்லையையும் அவரே அறிந்திருந்தார் என்பதற்கு ஒரே நிகழ்வு இருமுறை எழுதப்பட்டமை சான்றாகிறது. 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதையில், வன்முறைக்கு ஆளான மகளின் தலையில் தாய் நீரை ஊற்றித் தூயவளாக ஏற்கிறாள். அக்கதை கடும் விவாதத்தை எழுப்பியது. அதன் தொடர்ச்சியாக அமைந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் தாய் அவ்வாறு ஏற்கவில்லை. கங்கா என்னும் அப்பெண்ணே தன் வாழ்வைத் தன்மையிடத்தில் கூறுகிறாள். முந்தைய சிறுகதையை எழுதிய ஆசிரியரும் நாவலுக்குள் ஒரு மாந்தராக இடம்பெறுகிறார்.

சிறுகதையில் தீர்ப்பை வழங்கியது படைப்பாளரின் குரல். நாவலில் அத்தீர்ப்பு விசாரணைக்கு உள்ளாகிறது. கூற்று மாறியதும் நிகழ்வின் பொருளே மாறுகிறது. தம் குரலின் ஆற்றலை ஐயுற்று, அதனைத் தம் மாந்தரிடம் ஒப்படைத்த இந்நகர்வு ஜெயகாந்தன் ஆய்வுகளில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியதாகும்.

மௌனி: இடம் நீங்கிய குரல்

தஞ்சைப் பகுதியில் 1907-இல் பிறந்து, நெடுங்காலம் சிதம்பரத்தில் வாழ்ந்து 1985-இல் மறைந்த மௌனி எழுதியவை ஏறத்தாழ இருபத்து நான்கு கதைகளே. சிதம்பரவாசியாக இருந்தும் அவர் கதைகளில் ஊர்ப்பேச்சு ஏறக்குறைய இல்லை. மாந்தர் பலர் ‘அவன்’, ‘அவள்’ என்ற அளவிலேயே நிற்கின்றனர். ‘அழியாச்சுடர்’ கதையில் கோயிலும் தூணின் யாளியும் வருகின்றன. ஆனால் அவை ஓர் ஊரின் அடையாளங்களாக அன்றி, மனநிலையின் வடிவங்களாகவே வருகின்றன. கதைசொல்லியும் மாந்தரும் ஒரே மொழியில் பேசுவதால் இருவருக்கும் இடையிலான எல்லை மங்குகிறது.

வட்டாரத்தன்மையே உண்மையான குரலின் அளவுகோல் எனக் கொண்டால் மௌனி போலியானவர் என்னும் முடிவு கிடைக்கும். அவரைச் சிறுகதையின் திருமூலர் எனப் புதுமைப்பித்தன் போற்றியமையை நினைக்கையில், பிழை மௌனியிடம் இல்லை, அளவுகோலில்தான் உள்ளது என்பது புலப்படும்.

இமையம்: மாந்தரிடம் ஒப்படைத்த கூற்று

கடலூர் மாவட்டத்தைச் சார்ந்த இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வெளிவந்தது. புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் வாழ்வைக் கூறும் இந்நாவலில் உரையாடலும் புலம்பலுமே கதையை நடத்துகின்றன. கதைசொல்லி விளக்கவோ பரிந்துரைக்கவோ முற்படுவதில்லை. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் நிலவும் அடுக்குமுறையைக் காட்டியதற்காக இந்நாவல் எதிர்ப்பையும் சந்தித்தது. ஒரு சமூகத்தின் சார்பாளராக எழுத்தாளரிடம் எதிர்பார்க்கப்படும் குரலும், தாம் கண்டதைக் கூற முனையும் குரலும் முரண்படும் இடம் இது.

நடுநாட்டு வழக்கு இங்கு அணிகலன் அன்று. கூற்றின் இயல்பான மொழி. இம்மொழிக்கான சொல்வளத்தைக் கண்மணி குணசேகரன் தம் நாவல்களில் கையாண்டதோடு, ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யாகவும் தொகுத்துள்ளார்.

ஆய்விலும் வகுப்பறையிலும்

மேற்கண்டவற்றின் பயன் இலக்கிய வரலாற்றோடு நிற்பதன்று. தேவனாம்பட்டினத்தில் அமைந்துள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரி போன்ற நிறுவனங்களுக்குக் கடலோரக் குப்பங்களிலிருந்தும் உள்நாட்டு வேளாண் சிற்றூர்களிலிருந்தும் மாணவர்கள் வருகின்றனர். அவர்கள் எழுதும் முதல் கதையையோ கட்டுரையையோ திருத்தும் ஆசிரியர், பிழையையும் வழக்கையும் வேறுபடுத்திக் காண வேண்டியவராகிறார்.

‘அம்மா கொல்லைக்குப் போயிருந்தாள்’ என ஒரு மாணவி எழுதுவதாகக் கொள்வோம். காவிரிப் படுகையில் கொல்லை என்பது வீட்டின் பின்புறம். நடுநாட்டில் அது பயிரிடும் புன்செய் நிலம். இதனை ‘வயல்’ என்று திருத்தினால் மானாவாரி நிலம் நன்செய்யாகிவிடும். அக்குடும்பத்தின் பொருளாதார நிலையே மாறிவிடும். கொல்லை என்பது முல்லைத்திணைப் பாடல்களில் வழங்கும் பழஞ்சொல்லும் ஆகும். அவ்வாறே, கடலோர வழக்கில் தென்காற்றைக் குறிக்கும் ‘சோழகம்’ என்பதனைத் ‘தென்றல்’ எனத் திருத்தினால், தொழிலோடு தொடர்புடைய காற்று இன்பத்திற்குரிய காற்றாகிவிடும். திசைச்சொல்லுக்குச் செய்யுளில் இடமளித்தது தொல்காப்பியம். இலக்கணம் அளித்த உரிமையைத் திருத்தம் பறித்தல் தகாது.

இதன் மறுதலையும் உண்மை. எல்லா மாணவரும் தம் ஊர்ப்பேச்சிலேயே எழுத வேண்டும் என வற்புறுத்துவதும் ஒருவகைத் திணிப்பே. மீனவர் குடும்பத்து மாணவர் ஒருவர் மௌனியைப் போல் இடம் நீங்கிய மொழியை நாடினால், அதுவும் அவர் உரிமையாகும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. பிறந்த ஊரோ வாழ்ந்த ஊரோ எழுத்தாளரின் குரலைத் தீர்மானிப்பதில்லை. அவர் செவியும் தெரிவும் தீர்மானிக்கின்றன.

2. தழுவல், புனைபெயர், மறு எழுத்து ஆகியவை குரல் உருவாக்கத்தின் படிநிலைகள். எனவே தொடக்கக்கால எழுத்துகளையும் இதழ் வடிவங்களையும் காலவரிசையில் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

3. கதைசொல்லியின் மொழி மாந்தரின் மொழியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே தனிக்குரலை அளக்க உதவும் முதன்மைச் சான்று. புதுமைப்பித்தனிடம் அது கேலியாகவும், ஜெயகாந்தனிடம் வாதமாகவும் அமைகிறது. மௌனியிடம் விலகலே மறைகிறது. இமையத்திடம் கதைசொல்லி ஒதுங்கி நிற்கிறான்.

4. வட்டார இலக்கியம் என்னும் வகைப்பாடு ஆய்வின் தொடக்கமாகலாம்; முடிவாகலாகாது.

தனிக்குரல் என்பது எழுத்தாளரிடம் முன்பே இருந்து, பின்னர்க் கண்டெடுக்கப்படும் பொருளன்று. யாருடைய கூற்றை, யார் கேட்க, எந்த மொழியில் அமைப்பது என்னும் வினாவுக்கு அவர் மீண்டும் மீண்டும் எழுதிக் காணும் விடையே அது.