மாநிலங்களவையில் இடமில்லாத ஹட் பே: சுயேச்சை உறுப்பினரால் என்ன செய்ய முடியும்?

லிட்டில் அந்தமான் தீவின் நுழைவாயிலாக விளங்கும் ஹட் பே துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்து தடைபட்டால், அந்தப் பிரச்சினையை எழுப்ப அங்குள்ள மக்களுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் அந்தமான் நிகோபார் தீவுகள் முழுமைக்கும் ஒரே ஓர் உறுப்பினர் இருக்கிறார். மாநிலங்களவையில் ஒருவரும் இல்லை. இத்தகைய நிலையில், மாநிலங்களவையில் கட்சி சாராமல் இயங்கும் ஒரு சுயேச்சை உறுப்பினர் இத்தீவு மக்களின் குரலை எழுப்ப முடியுமா? அவருக்குள்ள அதிகாரங்கள் எவை, வரம்புகள் எவை?

இடம் இல்லாதது ஏன்?

அரசியலமைப்புச் சட்டத்தின் 80-வது பிரிவின்படி மாநிலங்களவையின் அதிகபட்ச உறுப்பினர் எண்ணிக்கை 250. தற்போது 245 இடங்கள் உள்ளன. இவற்றில் 12 இடங்களுக்குக் குடியரசுத் தலைவர் உறுப்பினர்களை நியமிக்கிறார். எஞ்சிய 233 இடங்களில் 225 மாநிலங்களுக்கும், 8 யூனியன் பிரதேசங்களுக்கும் உரியவை. டெல்லிக்கு 3, ஜம்மு காஷ்மீருக்கு 4, புதுச்சேரிக்கு 1 என அந்த 8 இடங்களும் சட்டப்பேரவை உள்ள யூனியன் பிரதேசங்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. அந்தமான் நிகோபார், சண்டிகர், லடாக், லட்சத்தீவு, தாத்ரா நகர் ஹவேலி மற்றும் டாமன் டையூ ஆகியவற்றுக்கு மாநிலங்களவையில் பிரதிநிதித்துவம் இல்லை.

மக்களவையிலும் தீவுகளுக்குத் தேர்தல் வழிப் பிரதிநிதித்துவம் தாமதமாகவே கிடைத்தது. 1952-ல் கார் நிகோபாரைச் சேர்ந்த ஆயர் ஜான் ரிச்சர்ட்சன் குடியரசுத் தலைவரால் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1967-ல்தான் தீவு மக்கள் முதன்முறையாக வாக்களித்துத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர்.

மறுபுறம், 240-வது பிரிவின்கீழ் இத்தீவுகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டங்களைக் குடியரசுத் தலைவரே பிறப்பிக்கலாம். நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையான வலிமை அவற்றுக்கு உண்டு. லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கி பழங்குடியினருக்குப் பாதுகாப்பளிக்கும் 1956-ம் ஆண்டின் ஆதிப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இவ்வகையில் வந்ததே. எனவே இத்தீவைப் பொறுத்தவரை சட்டம் இயற்றுவது, நிர்வகிப்பது, நிதி ஒதுக்குவது ஆகிய மூன்றும் மத்திய அரசின் கையில் உள்ளன.

கேள்வி கேட்க எவருக்கும் உரிமை

இந்த மத்திய ஆளுகையே மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு ஒரு வழியையும் திறந்து வைக்கிறது. மத்திய அரசின் பொறுப்பில் வராத பொருள் குறித்து மாநிலங்களவையில் கேள்வி எழுப்ப விதிகள் அனுமதிப்பதில்லை. தமிழகத்தில் ஓர் ஊரின் அரசு மருத்துவமனையில் மருத்துவர் இல்லை என்றால் அது மாநில அரசின் விவகாரம். ஆனால் ஹட் பே மருத்துவமனை, தீவுகளுக்கிடையிலான கப்பல், பள்ளி, குடிநீர் ஆகிய அனைத்தும் இறுதியில் மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே அஸ்ஸாமிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ தேர்வான ஓர் உறுப்பினர்கூட இவை குறித்துக் கேள்வி எழுப்பலாம்.

இங்கு சுயேச்சை உறுப்பினருக்குக் கட்சி உறுப்பினருடன் சம உரிமை உண்டு. கேள்விகள் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தப்படுகின்றன. கட்சியின் பலம் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. நாளொன்றுக்கு 15 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும், எழுத்து மூலம் பதில் பெறும் 160 நட்சத்திரக் குறியிடாத கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. முதல் வகையில் அமைச்சர் அவையில் நேரில் பதிலளிப்பார். துணைக் கேள்விகளும் கேட்கலாம். பதிலின்போது அமைச்சர் வாக்குறுதி அளித்தால், அது நிறைவேறியதா என்பதை அரசு உறுதிமொழிகள் குழு கண்காணிக்கிறது.

அவசர விவகாரங்களைப் பூஜ்ய நேரத்தில் 3 நிமிடங்களில் எடுத்துரைக்கலாம். 250 சொற்களுக்கு மிகாமல் சிறப்புக் குறிப்பாகவும் பதிவு செய்யலாம்.

கொறடாவும் இல்லை, கூட்டமும் இல்லை

சுயேச்சை உறுப்பினரின் முதன்மையான பலம், கட்சிக் கொறடாவின் உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தாது என்பதே. ஒவ்வொரு மசோதாவிலும் தன் விருப்பப்படி வாக்களிக்கலாம். அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை அவருக்கு விதிக்கும் கட்டுப்பாடு வேறு வகையானது. தேர்வான பின் அவர் ஏதேனும் ஓர் அரசியல் கட்சியில் சேர்ந்தால் பதவி பறிபோகும். நியமன உறுப்பினர்களுக்குக் கட்சியில் சேர 6 மாத அவகாசம் உண்டு. சுயேச்சைகளுக்கு அதுவும் இல்லை.

ஒரு வாக்கின் மதிப்பை 1970 செப்டம்பர் 5 உணர்த்தியது. மன்னர் மானிய ஒழிப்பு மசோதாவுக்கு ஆதரவாக 149 வாக்குகளும் எதிராக 75 வாக்குகளும் மாநிலங்களவையில் பதிவாயின. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் மசோதா தோற்றது.

பலவீனமும் தெளிவானது. விவாத நேரம் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பகிரப்படுவதால், சுயேச்சைகளுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். தனிநபர் மசோதாக்களை வெள்ளிக்கிழமை பிற்பகலில் கொண்டுவரலாம் என்றாலும், அவை சட்டமாவது அரிது. சுதந்திரத்துக்குப் பின் 14 தனிநபர் மசோதாக்களே நிறைவேறியுள்ளன; கடைசியாக நிறைவேறியது 1970-ல். கர்நாடகத்திலிருந்து சுயேச்சையாகத் தேர்வான ராஜீவ் சந்திரசேகர், பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளை அறிவிக்க வகைசெய்யும் மசோதாவை 2017-ல் அறிமுகப்படுத்தினார். அது விவாதத்தை எழுப்பியது, சட்டமாகவில்லை.

அண்மைக்கால உதாரணங்கள்

உண்மையில், பெரிய கட்சிகளின் ஆதரவின்றி ஒரு சுயேச்சை மாநிலங்களவைக்குத் தேர்வாவது கடினம். வாக்களிப்பவர்கள் சட்டப்பேரவை உறுப்பினர்கள் என்பதே காரணம். 2020-ல் அஸ்ஸாம் பத்திரிகையாளர் அஜித் குமார் பூயான் எதிர்க்கட்சிகளின் ஆதரவுடன் தேர்வானார். 2022-ல் உத்தரப் பிரதேசத்திலிருந்து கபில் சிபல் சமாஜ்வாதி கட்சியின் ஆதரவுடனும், ஹரியானாவிலிருந்து கார்த்திகேய சர்மா பாஜக, ஜேஜேபி ஆதரவுடனும் வென்றனர்.

தனித்திருப்பவரும் பிறரைத் திரட்ட முடியும் என்பதற்கு 2024 டிசம்பர் 13 சான்று. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சேகர் குமார் யாதவைப் பதவி நீக்கக் கோரி 55 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட நோட்டீஸ் மாநிலங்களவையில் அளிக்கப்பட்டது. அதற்குத் தேவையான குறைந்தபட்சக் கையெழுத்துகள் 50. அம்முயற்சியை முன்னெடுத்தவர் கபில் சிபல்.

ஹட் பேக்கு இதனால் என்ன பயன்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஹட் பே கடும் சேதத்தைச் சந்தித்தது. அதன்பின் மறுவாழ்வும், அண்மை ஆண்டுகளில் லிட்டில் அந்தமானுக்கான நிதி ஆயோக்கின் வளர்ச்சித் திட்ட வரைவும் தீவின் எதிர்காலத்தைத் தொட்ட விவகாரங்கள். ஓங்கி மக்களின் காப்புக்காடு, குடியேறியவர்களின் நிலம், துறைமுகம் என ஒன்றோடொன்று பின்னிய இக்கேள்விகளுக்கு டெல்லியிலேயே முடிவு எடுக்கப்படுகிறது.

தீவு மக்கள் தங்கள் கோரிக்கையை எந்த மாநிலங்களவை உறுப்பினரிடமும் கொண்டு செல்லலாம். மனுக்கள் குழுவுக்கும் அனுப்பலாம். ஆனால் நிதி உதவியில் வரம்பு உண்டு. தேர்வான மாநிலங்களவை உறுப்பினர் தம் தொகுதி மேம்பாட்டு நிதியைப் பெரும்பாலும் தாம் தேர்வான மாநிலத்திலேயே செலவிட வேண்டும். நாட்டின் எப்பகுதியிலும் பணிகளைப் பரிந்துரைக்கும் சலுகை நியமன உறுப்பினர்களுக்கே உள்ளது. மேலும், வேறு மாநிலத்தின் உறுப்பினர் ஹட் பே மக்களிடம் வாக்குக் கேட்டு வரப்போவதில்லை. அவரைக் கேள்வி கேட்க அம்மக்களுக்கு வழியும் இல்லை.

நிரந்தரத் தீர்வு வேண்டுமெனில் அரசியலமைப்பின் நான்காவது அட்டவணையில் தீவுகளுக்கு ஓர் இடம் சேர்க்கப்பட வேண்டும். அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் நாடாளுமன்றம் சட்டத்தால் வகுக்க வேண்டும். இதற்குச் சட்டப்பேரவை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. டெல்லியில் பேரவை இல்லாத பல ஆண்டுகளில் வாக்காளர் குழு ஒன்றே மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது. அத்தகைய ஏற்பாடு வரும்வரை, மாநிலங்களவையில் ஹட் பேயின் பெயர் ஒலிப்பது பிற மாநில உறுப்பினர்களின் அக்கறையையே சார்ந்திருக்கும்.