பாறையிடுக்கில் வாழும் சிற்றுயிர்கள்



கீரிமலைக் கேணியில் நீராடியோர், அருகே அலை வந்து மோதும் சுண்ணக்கற் பாறைகளைக் கண்டிருப்பர். மயோசீன் காலத்திற் கடலடியிற் படிந்து இறுகிய கல் அது. மழைநீர் கரைத்தும் அலை அரித்தும் அதில் எண்ணிறந்த துளைகள் தோன்றின. குடாநாட்டின் வடகரையோரம் இத்தகைய கல்லைப் பல இடங்களிற் காணலாம். கரையை அடுத்த நீரினுள் முருகைக்கற்களும் வளர்கின்றன. அவ்விடுக்குகளில் வாழும் சிற்றுயிர்களை எவ்வாறு காண்பது? இதுவே இன்றைய பேச்சு.

அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓடில்லாக் கடல்நத்தை என்று அதனைச் சொல்லலாம். வெண்ணிற உடலிற் கருவளையங்கள். தலையில் இரு கொம்புகள். முதுகின் பின்புறத்தில் மலர்போல் விரிந்த செவுள். கடற்பஞ்சே அதன் உணவு. இதற்கு ‘யோருன்னா பியூனெப்ரிஸ்’ என இன்று வழங்கும் பெயரின் பிற்பகுதியை 1859ஆம் ஆண்டில் இட்டவர், இலங்கையிற் பிறந்த இராணுவ வைத்தியர் எட்வேட் பிரெடரிக் கெலார்ட் ஆவார். மன்னார் முத்துச்சிப்பிகளையும் ஆராய்ந்த இவர், 1860இல் இங்கிலாந்து செல்லும் வழியிற் கப்பலிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

அவர் எதிர்கொண்ட இடர் யாது? இவ்வுயிரை மதுசாரத்தில் இட்டால் நிறம் வெளிறும், உடல் சுருங்கும். சங்குக்கு ஓடு உண்டு. உயிர் போயினும் வடிவம் நிற்கும். இதற்கோ எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே கெலார்ட்டின் ஓவியங்கள் பெருமதிப்புப் பெற்றன. 1906இல் சார்ல்ஸ் எலியட் என்னும் அறிஞர் இவ்வினங்களை மீண்டும் ஆராய்ந்தபோது அவ்வோவியங்களே அவருக்குத் துணையாயின. உயிரோடு கண்டு பதிந்ததே நிலைத்தது.

இன்று அங்ஙனம் காண்பது எளிது. 1943இல் கூஸ்தோ, ககனான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர், அமுக்கிய காற்றைச் சுவாசித்தபடி நீந்தும் கருவியை அமைத்தனர். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலையடியில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டதும் இத்தகைய கருவியின் துணையாலேயே.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நம் சங்கு குளிப்போர் மூச்சையடக்கி மூழ்கி, அடக்கியபடியே மீள்வர். மேற்பரப்பில் நிரப்பிய காற்று, மீளும்போது பழைய அளவுக்கே விரியும். காற்றுக்கலம் கொண்டு மூழ்குவோரோ ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு. அங்கே நிரப்பிய காற்று மேலே வரும்போது இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். எனவே முறையாகப் பயின்று, துணையோடு இறங்கி, மூச்சுவிட்டவாறு மெல்ல மேலெழல் வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். அப்போது இறங்காதிருத்தலே அறிவுடைமை.

நீர் செவ்வொளியை முதலில் விழுங்குவதால், சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். மின்விளக்கை இடுக்கினுட் காட்டினால், சாம்பல்நிறமாய்த் தோன்றியது செக்கச்செவேலென ஒளிரும். விரைந்து நீந்துபவர் கண்ணுக்கு எதுவும் அகப்படாது. ஒரு முழப் பாறையின் முன் அசையாது நின்று, முதலிற் கடற்பஞ்சைத் தேடுக. அதை உண்ணும் நத்தை அருகிலேயே இருக்கும். கையால் தொடலாகாது, புரட்டிய கல்லைப் புரட்டியபடி விடலும் ஆகாது.

இச்சிற்றுயிரால் மனிதருக்குப் பயன் என்ன என்று சிலர் வினவலாம். 2000ஆம் ஆண்டில் இந்நத்தையிலிருந்தே யோருமைசின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது புற்றுநோய்க் கலங்களை எதிர்க்கும் ஆற்றலுடையது.

கடலடியை வாரும் இழுவைமடி கடற்பஞ்சையும் முருகைக்கல்லையும் சேர்த்தே பெயர்த்தெறியும். 2017இல் இலங்கைச் சட்டம் அதனைத் தடை செய்தது. எனினும் சட்டம் மட்டும் போதாது. இழப்பது இன்னதென்று அறிந்தவரே காக்க முன்வருவர். உணவு அழிந்தால் நத்தையும் அழியும். ஓடில்லா அதற்கு நினைவுச்சின்னமும் எஞ்சாது. நம் பிள்ளைகள் அதனை ஓவியத்தில் மட்டும் காணும் நிலை வாராதிருக்கட்டும்.