தண்டியடிகள் தோண்டிய குளமும் நாம் காக்க வேண்டிய நீரும்

நித்திய பூஜையில் கலசத்தில் நீர் நிரப்பி, கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி என்னும் ஏழு நதிகளும் அந்நீரில் வந்து எழுந்தருள வேண்டும் என்று பிரார்த்திப்பது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் மரபு. கிணற்று நீராயினும் குழாய் நீராயினும், அந்தப் பிரார்த்தனைக்குப் பின் அது தீர்த்தமாகிவிடுகிறது. திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். இறைவனுக்கு அடுத்த இடத்தில் மழையை வைத்துப் போற்றிய மரபு நம்முடையது.

அந்த நீர் உலகில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பூஜையறைக் கணக்காகவே பார்க்கலாம். உலகிலுள்ள நீர் முழுவதையும் 10 லிட்டர் கொள்ளும் 100 குடங்களில் நிரப்புவதாகக் கொள்வோம். அவற்றுள் தொண்ணூற்றேழரைக் குடம் உப்பு நீர். எஞ்சிய இரண்டரைக் குடம், அதாவது 25 லிட்டர் மட்டுமே நன்னீர். அதிலும் ஏறக்குறைய 17 லிட்டர் துருவங்களிலும் இமயம் போன்ற மலைகளிலும் பனியாக உறைந்து கிடக்கிறது. ஏழரை லிட்டர் நிலத்தடியில் உள்ளது. உலகின் ஆறுகளிலும் ஏரிகளிலும் நம் கண்ணுக்குத் தெரியும் நன்னீர் சுமார் 75 மில்லி லிட்டர்தான். அது ஒரு பஞ்சபாத்திரத்தைக்கூட நிறைக்காது.

மனிதர் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்கிறது. மீதியைத் தொழிற்சாலைகளும் வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. உலகிலேயே மிகுதியாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு நம் பாரதம். ஆற்றில் நீர் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். நிலத்தடியில் குறைவதோ, ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் காற்று மட்டும் வரும் நாளில்தான் தெரிகிறது.

கயிறே கண்ணாக

நம் முன்னோர் இந்த ஆபத்தை அறிந்தவர்கள். மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் ஒருங்கே வைத்தே ஒரு க்ஷேத்திரத்தின் பெருமையைச் சொன்னார்கள். குளமில்லாத கோயில் நிறைவு பெற்ற கோயிலாகக் கருதப்படவில்லை. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். ஐந்து வேலி என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 33 ஏக்கர். அந்தக் கமலாலயத்தில் நீர் ஓரடி உயர்ந்தால், ஏறக்குறைய 4 கோடி லிட்டர் மழைநீர் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

அந்தக் கமலாலயமும் ஒரு காலத்தில் தூர்ந்து போயிருந்தது. சுற்றிலும் கட்டடங்கள் நெருங்கி வந்ததால் குளம் சுருங்கிவிட்டது என்று பெரியபுராணம் கூறுகிறது. அதைக் கண்டு உள்ளம் வருந்தியவர், பிறவியிலேயே பார்வையற்றவரான தண்டியடிகள் நாயனார். குளத்தின் நடுவே ஒரு தறி நட்டார். கரையில் மற்றொரு தறி நட்டார். இரண்டையும் கயிற்றால் இணைத்தார். அக்கயிற்றைத் தடவியபடியே குளத்தில் இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் எடுப்பார். கயிற்றைப் பற்றியே கரையேறி மண்ணைக் கொட்டுவார். தடுத்தவர்கள் இருந்தார்கள், எள்ளியவர்கள் இருந்தார்கள். தறியையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தவர்களும் இருந்தார்கள். அடிகள் கலங்கித் தியாகேசப் பெருமானிடம் முறையிட்டார். இறைவன் அவர் கனவிலும் சோழ மன்னன் கனவிலும் தோன்றி அருளினான். மறுநாள் மன்னன் முன்னிலையில் திருவைந்தெழுத்தை ஓதிக் குளத்தில் மூழ்கி எழுந்தபோது அடிகள் கண் பெற்றார். பின்னர் மன்னன் குளத்தின் கரையைச் செம்மை செய்து கொடுத்தான்.

அறுபத்து மூவரில் பூத்தொடுத்தவர் உண்டு, விளக்கேற்றியவர் உண்டு, அமுது படைத்தவர் உண்டு. குளத்தில் தூர் எடுத்ததையே சிவத்தொண்டாகச் செய்து முத்தி பெற்றவர் தண்டியடிகள். தூர் எடுப்பதும் திருப்பணியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

குளம் எனும் ஏற்பாடு

திருக்குளம் தீர்த்தமாடுவதற்கு மட்டும் அமைந்ததன்று. அதன் பின்னே ஒரு பெரிய ஏற்பாடு உண்டு. மழைநீரையோ ஆற்று நீரையோ கொண்டுவரும் வரத்துக்கால் ஒரு புறம். குளம் நிறைந்தபின் மிகுந்த நீரை வெளியேற்றும் போக்குக்கால் மறுபுறம். ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு வழிவிடும். குளத்தில் நிற்கும் நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கி, மாட வீதிகளில் உள்ள கிணறுகளையெல்லாம் ஊற வைக்கும். கோயிற்குளத்தில் நீர் இருக்கும்வரை அக்ரகாரத்துக் கிணறும் வற்றாது என்பதை நம்மில் பலர் இளமையில் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

இதைப் பராமரிக்க ஊரார் தனிச்சபையே வைத்திருந்தனர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியைக் காப்பது ஊராரின் கடமையாக அன்றே இருந்தது. மதுராந்தகத்தில் ஏரியின் கரை உடையாமல் ஸ்ரீராமபிரானே காத்தருளினான் என்பது நாம் அறிந்த தல வரலாறு. பகவானே கரை காக்கும் காவலனாக நின்றான் என்றால், அக்கரையில் குப்பை கொட்டும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

ஒரே கோடையில் இரு காட்சிகள்

2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், 40 ஆண்டுகளுக்குப் பின் காஞ்சிபுரம் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதர் பக்தர்களுக்குத் தரிசனம் தரத் தொடங்கினார். நீருக்குள் உறைவதையே திருவுள்ளமாகக் கொண்ட அப்பெருமானைக் காண லட்சக்கணக்கானோர் திரண்டனர். அதே கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் ரயில் சென்னை வந்து சேர்ந்தது. அதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு, 2015 டிசம்பரில், அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது.

மழை பொய்த்தது மட்டும் இதற்குக் காரணமன்று. வந்த மழையை நிறுத்தி வைக்க இடமில்லாமற் போனதும் ஒரு காரணம். சாலைகளை மேன்மேலும் உயர்த்தியதால் பல திருக்குளங்களின் வரத்துக்கால் வாய்கள் மண்ணுக்குள் புதைந்தன. சில இடங்களில் வரத்துக்காலின் மேலேயே கடைகளும் வீடுகளும் எழுந்தன. குளத்துக்கு வர வேண்டிய மழைநீர் வடிகால் வழியே கடலுக்குப் போகிறது. குளத்துக்கு வரக்கூடாத சாக்கடை நீர் குளத்துக்கு வருகிறது.

ஆயினும் இது மீட்க முடியாத இழப்பன்று. திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நீர்வழி அடைபட்டுப் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. தைப்பூசத்தன்று மீனாட்சியம்மையும் சுந்தரேசுவரரும் நீரின்றி நிலைத்தெப்பத்தில் எழுந்தருளிய காலமும் இருந்தது. பனையூர்க் கால்வாய் சீரமைக்கப்பட்டு வைகை நீர் மீண்டும் வந்தபின், தெப்பம் நீரில் மிதந்து மைய மண்டபத்தை வலம் வருகிறது. வழியைத் திறந்துவிட்டால் நீர் தானே வரும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நினைவு. உங்கள் ஊர்த் திருக்குளத்துக்கு எந்தப் பக்கமிருந்து நீர் வந்தது, எந்தத் தெருவின் கீழே கால்வாய் சென்றது, மதகு எங்கே இருந்தது என்பதை இன்று அறிந்தவர்கள் எழுபது, எண்பது வயதைக் கடந்த பெரியோர்களே. இளைஞர்களுக்கு அங்கே ஒரு கால்வாய் இருந்ததே தெரியாது. இந்த நினைவும் ஒரு தறி, ஒரு கயிறு போன்றதே. பேரப்பிள்ளையை அருகே அமர்த்தி, ஒரு தாளில் அந்த வழியை வரையச் சொல்லுங்கள். அதன் பிரதியைக் கோயில் நிர்வாகத்திடமும் ஊராட்சியிடமும் கொடுங்கள். இந்தத் தலைமுறை சொல்லாமற் போனால், பிறகு சொல்வாரில்லை.

இரண்டாவது, உபயம். திருக்குளத் திருப்பணிக்கு நன்கொடை அளிப்போர், அது எதற்குச் செலவாகிறது என்று கேட்பது குற்றமன்று. குளத்தின் அடியில் சிமெண்டுத் தளம் போட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும். நீர் மண்ணுக்குள் இறங்காது, அக்கம்பக்கத்துக் கிணறுகள் ஊறா. வண்டலை அகற்றவும் வரத்துக்காலைத் திறக்கவும் அளிக்கும் பொருளே அதிகப் பலன் தரும். தூர் எடுக்கும்போதும், நீரைத் தாங்கி நிற்கும் களிமண் படுகையைக் கிழித்துவிடாதபடி அனுபவமுள்ளவர்களைக் கொண்டு செய்ய வேண்டும்.

மூன்றாவது, கூரை. 2003-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று அமைத்த குழாயும் தொட்டியும் பல வீடுகளில் இன்று மண்ணடைத்துக் கிடக்கின்றன. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் நீர் விழுகிறது. ஐப்பசி பிறக்குமுன் மாடியைப் பெருக்கி, குழாயின் அடைப்பை நீக்கிவைத்தால் அதில் பெரும்பகுதி நம் நிலத்துக்கே சேரும்.

நான்காவது, தூய்மை. பரிகாரம் என்று சொல்லி உடுத்திய ஆடையை நீரில் விட்டுவருவதால் பாபநாசத்தில் தாமிரபரணி படும் பாட்டை அங்கே சென்றவர்கள் அறிவார்கள். எண்ணெய், சோப்பு, கற்பூர உறை, பிளாஸ்டிக் பை இவற்றைத் தீர்த்தத்தில் சேர்ப்பதால் புண்ணியம் சேராது. மூழ்கி எழுந்து, ஈர ஆடையைப் பையில் இட்டு வீட்டுக்கு எடுத்து வருவதே தீர்த்தத்துக்குச் செய்யும் மரியாதை.

ஐந்தாவது, அன்னம். ஒரு கிலோ அரிசி விளைய ஏறக்குறைய 2,500 லிட்டர் நீர் வேண்டும். அன்னதானப் பந்தியில் இலையில் எறியப்படும் ஒவ்வொரு கவளத்துடனும் குடம் குடமாக நீரும் எறியப்படுகிறது. வேண்டிய அளவு கேட்டு வாங்கி உண்பதும் நீரைக் காப்பதே.

தண்டியடிகள் நாயனாரின் குருபூஜை பங்குனி மாதச் சதய நட்சத்திரத்தில் வருகிறது. குளங்களில் நீர் வற்றி, அடிமண் வெளியே தெரியத் தொடங்கும் காலம் அது; தூர் எடுக்க ஏற்ற காலமும் அதுவே. அன்று நாயனாருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, ஊரிலுள்ள இளைஞர்களைக் கூட்டி, திருக்குளத்தில் ஒரு கூடை மண்ணையாவது எடுத்துக் கரையில் கொட்டச் செய்யலாம். முடியாதவர்கள் படியில் அமர்ந்து, நீர் வந்த வழி இதுதான் என்று கைகாட்டினாலும் போதும். தியாகேசப் பெருமான் அத்தொண்டையும் ஏற்றருள்வான்.