இராசதுரை: எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அமைச்சரவைக்கு

செல்லையா இராசதுரை 1956இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி வேட்பாளராகக் கிழக்கிலங்கையின் மட்டக்களப்பில் வென்று முதன்முறை நாடாளுமன்றம் சென்றார். 1927இல் பிறந்த அவர் எழுத்தாளர், பத்திரிகையாளர். ஆனாலும் ஊரை அவர் பக்கம் இழுத்தது மேடைப் பேச்சுத்தான். 'சொல்லின் செல்வர்' என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1960இல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியானது. வாவிக் கரையோரம் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்வதால், இரு சமூகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதிநிதி கிடைக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த ஆண்டின் இரு தேர்தல்களிலும், பின்னர் 1965, 1970, 1977இலும் இராசதுரை தோற்கவில்லை. 1967இல் மட்டக்களப்பு மாநகர சபையின் முதல் மேயரும் அவரே.

1977 தேர்தல்தான் திருப்பம். தமிழரசுக் கட்சியும் அங்கம் வகித்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை நிற்க, தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தனும் அதே தொகுதியில் இறக்கப்பட்டார். தமிழ் வாக்குகள் பிரிந்தன. இராசதுரை முதலாவதாக வந்தார். இரண்டாம் ஆசனம் ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பைக்குப் போனது. அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழரசுக் கட்சியின் நிறுவனர் செல்வநாயகம் மறைந்திருந்தார். தலைமை வடக்கைச் சேர்ந்த அ. அமிர்தலிங்கத்தின் கைக்கு வந்தது. அமிர்தலிங்கமும் 1956இல்தான் நாடாளுமன்றம் புகுந்தார். 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்றும் இருந்தார். ஒருமுறையும் தோற்காத கிழக்குக்காரருக்குத் தன் தொகுதியிலேயே கட்சி போட்டியாளரை நிறுத்தியது ஆறாத மனக்கசப்பானது. அதை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்குவது எளிது. அதில் வடக்கு–கிழக்குப் பிணக்கும் கலந்திருந்தது.

1979 மார்ச்சில் அவர் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியில் சேர்ந்தார். 1978இன் புதிய அரசியலமைப்பின்படி கட்சியை விட்டவர் ஆசனத்தையும் இழக்க வேண்டும். ஆனால் 1979 பெப்ரவரியில் நிறைவேறிய இரண்டாம் திருத்தம், அந்த அரசியலமைப்பின் கீழான முதலாவது நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களுக்குத் தனி ஏற்பாடு செய்தது: ஆசனம் பறிபோவதா என்பதை நாடாளுமன்றப் பெரும்பான்மையே தீர்மானிக்கும். பெரும்பான்மையோ அரசாங்கத்திடம் இருந்தது. இராசதுரைக்காகவே செய்யப்பட்ட திருத்தம் என்ற பேச்சு இன்றும் உண்டு. 1978 நவம்பர் 23இன் சூறாவளி அழித்த மட்டக்களப்பு மாவட்டமும் அப்போது எழுந்திருக்கவில்லை. அரசாங்கத்தின் கை அங்கே மிகவும் வேண்டியிருந்தது.

பிரதேச அபிவிருத்தி அமைச்சரான அவரிடம், இந்து கலாசாரம், தமிழ் மொழி அமுலாக்கம் ஆகிய துறைகளும் பின்னர் வந்து சேர்ந்தன. கல்குடாத் தொகுதியின் கே. டபிள்யூ. தேவநாயகம் ஏற்கெனவே நீதி அமைச்சராக இருந்ததால், ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அமைச்சரவையில் மட்டக்களப்புத் தமிழர் இருவர் அமர்ந்தனர். பழைய தோழர்களுக்கோ இராசதுரை துரோகியானார். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரில் இசை நடனக் கல்லூரி அமைந்தது அவரது முயற்சியால்தான். அது இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாகக் கல்லடியில் இயங்குகிறது.

1989இல் விகிதாசாரத் தேர்தல் வந்து பழைய தொகுதிமுறை முடிந்தது. முப்பத்திரண்டு ஆண்டு நாடாளுமன்ற வாழ்வுக்குப் பின் இராசதுரை மலேசியாவுக்கான இலங்கை உயர்ஸ்தானிகராக நியமிக்கப்பட்டார்.