வீட்டில் சும்மா இருப்பவர் யார்?

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வரும் பள்ளி ஆசிரியர் திண்ணையில் உட்கார்ந்து, "உங்க வீட்டம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்கிறார். "வேலையா? வீட்லதான் சும்மா இருக்கா சார்" என்கிறார் குடும்பத் தலைவர். அந்த அம்மாவோ அப்போது முழங்கால் சேற்றில் நடவு நட்டுக்கொண்டிருப்பார். படிவத்தில் அவர் வேலை செய்யாதவர் ஆகிவிடுகிறார்.

கணக்கெடுப்பு விதிப்படி இது தவறு. கூலி இல்லாமல் சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ உழைத்தாலும் அது வேலைதான். ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக உழைத்தவருக்கும் தனிப் பிரிவு உண்டு. ஊரில் பாதிப் பெண்களைச் 'சும்மா' என்று எழுதினால், அது உழைக்கிற ஊர் என்பதே பதிவாகாது. ஆகவே பெண்கள் தங்கள் பதிலைத் தாங்களே சொல்ல வேண்டும். கணவர் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாத பெண்ணைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றுகூட 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் கூறுகிறது.

2011க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்காததால், உள்ளாட்சி இட ஒதுக்கீடும் ரேஷன் பயனாளிகளின் அளவும் அந்தப் பழைய எண்களிலேயே நிற்கின்றன. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். பட்டியல் சாதி, பழங்குடியினரோடு நிற்காமல் எல்லாச் சாதிகளையும் 1931க்குப் பிறகு இப்போதுதான் எண்ணப்போகிறார்கள்.

ஊராட்சியில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எத்தனை இடங்கள் என்பது மக்கள்தொகை விகிதப்படிதான் முடிவாகிறது. அரசமைப்பின் 243டி பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் பத்து வீடுகள் விட்டுப்போனால் ஒரு வார்டின் கணக்கே மாறலாம். எனக்கு அதிகக் கவலை இருளர் பழங்குடிக் குடும்பங்களைப் பற்றித்தான். செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுமிடம் என்று இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். சொந்த ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். சூளையிலோ முதலாளி அவர்களை ஆள்கணக்கில் காட்ட மாட்டார். அங்கேயே தங்கியிருந்தால் அங்கேயே எழுதச் சொல்லிக் கேட்கலாம். சாதிச் சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். கணக்கெடுப்புக்கு எந்தச் சான்றும் தேவையில்லை, நீங்கள் சொல்வதையே எழுத வேண்டும்.

கிறிஸ்தவத் தலித் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியாக எண்ணப்படுவர். அநீதி என்று நான் கருதும் இந்த விதி இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது.

சொன்னது வெளியே போகுமோ என்ற பயம் வேண்டாம். கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி அந்தப் படிவத்தை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. விவரத்தை வெளியே சொல்லும் அலுவலருக்குத் தண்டனை உண்டு. ஆனால் வங்கிக் கணக்கு எண்ணையோ ஏடிஎம் ரகசிய எண்ணையோ கேட்டு ஒருவர் வந்தால், அவர் கணக்கெடுப்பாளர் அல்ல. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

உங்கள் தெருவுக்கே யாரும் வரவில்லையா? கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வட்டாட்சியரிடம், பிறகு ஆட்சியரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். விட்டுப்போன வீடுகளின் கதவு எண்களை மனுவில் வரிசையாக எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பு முடிவதற்குள் இதைச் செய்தால்தான் பலன் உண்டு.