மண்டைக்குள் பார்க்கப் பணம் கொடுத்தது யார்?

தலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், "உடனே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்கிறார் டாக்டர். வாழைக்காயை வில்லை வில்லையாக நறுக்கி வைத்ததுபோல், மூளையின் படங்கள் சில நிமிஷங்களில் வந்துவிடுகின்றன. கத்தி இல்லை, ரத்தம் இல்லை!

ஆனால், இந்த யந்திரம் பிறப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. அறிவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பணத்துக்குத்தான் பஞ்சம்!

துடித்த நோயாளிகள்

சாதாரண எக்ஸ்-ரே மண்டை ஓட்டைக் காட்டும், மூளையைக் காட்டாது. ஆகவே, அந்தக் காலத்தில் முதுகெலும்பில் ஊசி குத்தி, மூளையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துவிட்டு, காற்றைச் செலுத்திப் படம் பிடிப்பார்கள். நோயாளி தலைவலியால் துடித்துப்போவார்.

இந்தச் சித்திரவதையைக் கண்டு மனம் வெதும்பியவர் வில்லியம் ஓல்டன்டார்ஃப். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த நரம்பு வைத்திய நிபுணர். தம் மகனின் விளையாட்டு ரயில் தண்டவாளத்தை வைத்தே ஒரு மாதிரிக் கருவி செய்து பார்த்தார். 1963-ல் அவருக்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது. ஒரு எக்ஸ்-ரே கம்பெனியை அணுகினார். தலையின் குறுக்குவெட்டுப் படத்தை மட்டும் எடுக்க இத்தனை விலையில் ஒரு யந்திரத்தை யார் வாங்குவார்கள் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது!

தென்னாப்பிரிக்காவில் பிறந்த பௌதிக நிபுணர் ஆலன் கார்மாக், இதற்கு வேண்டிய கணக்கைப் போட்டு 1963-லும் 1964-லும் கட்டுரைகள் வெளியிட்டார். வைத்திய உலகம் திரும்பியே பார்க்கவில்லை. பிரதி கேட்டு எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஸ்விட்ஜர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்தார்!

இசைத்தட்டுக் கம்பெனி

1967-ல் பிரிட்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற எஞ்சினியருக்கும் தன் போக்கில் இதே யோசனை உதித்தது. அவர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில். ஆம், பீட்டில்ஸ் என்ற பாடகர் கோஷ்டியின் இசைத்தட்டுகளை விற்ற அதே கம்பெனிதான்!

பாட்டு விற்ற பணத்தில்தான் ஸ்கேன் பிறந்தது என்ற கதை இதனால் பிரசித்தமாகிவிட்டது. கேட்பதற்கு இனிக்கிறது. உண்மை என்ன?

வைத்திய யந்திரத் தொழில் கம்பெனிக்குப் பழக்கமில்லாதது. யந்திரம் விலை போகுமா என்ற சந்தேகம் வேறு. ஆகவே, ஹவுன்ஸ்ஃபீல்டின் யோசனை பிரிட்டிஷ் சுகாதார இலாகாவுக்குப் போயிற்று. இலாகா பணம் கொடுத்தது. எக்ஸ்-ரே நிபுணர்களின் உதவிக்கும் ஏற்பாடு செய்தது. 2012-ல் இரண்டு வைத்திய நிபுணர்கள் பழைய கணக்குகளைப் புரட்டினார்கள். கம்பெனி போட்டது சுமார் 1 லட்சம் பவுன். இலாகா கொடுத்ததோ சுமார் 6 லட்சம் பவுன் என்று தெரியவந்தது!

ஒன்பது நாள் படம்

முதல் சோதனையில் ஒரே ஒரு படத்துக்கு 28,000 அளவுகள் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. பிறகு கம்ப்யூட்டர் கணக்குப் போட இரண்டரை மணி நேரம்! இந்த நிலையில் லாபத்தை மட்டும் எதிர்பார்ப்பவர் எவரும் கடையைக் கட்டியிருப்பார். சர்க்கார் பணம் இருந்ததால் வேலை நடந்தது.

1971-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, லண்டனில் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில், டாக்டர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸின் மேற்பார்வையில் ஒரு பெண்மணியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. கட்டி இருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. அறுவை செய்த டாக்டர் உள்ளே கண்டதும், படத்தில் கண்டதும் ஒன்றாகவே இருந்தன!

யாருக்கு லாபம்?

1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இருவருமே டாக்டர் பட்டம் பெறாதவர்கள்! ஓல்டன்டார்ஃபுக்கு அந்தப் பரிசில் பங்கு இல்லை. இ.எம்.ஐ. கம்பெனிக்கும் நீடித்த லாபம் இல்லை. பெரிய கம்பெனிகள் போட்டிக்கு வந்தன, இ.எம்.ஐ. ஸ்கேன் தொழிலையே விட்டுவிட்டது. லாபம் அடைந்தவர்கள் உலகெங்கும் உள்ள நோயாளிகள்தாம்.

பலன் நிச்சயமில்லாத ஆரம்ப கட்டத்தில் பொதுப்பணம். பண்டமாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோகக் கம்பெனிப் பணம். இரண்டு மாடு பூட்டினால்தான் இந்த வண்டி ஓடும். வைத்தியப் படக்கலை ஆராய்ச்சிக்கு நிதி வழங்கவென்றே அமெரிக்க சர்க்கார் 2000-ல் சட்டம் செய்து ஒரு தனி நிலையத்தை உண்டாக்கியது.

கம்பெனி பார்ப்பது வாங்குகிறவர் கையிலுள்ள காசை. நோயாளி படும் வேதனையையும் பார்த்துப் பணம் ஒதுக்க ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவர், வரி கட்டும் பொதுஜனம்தான்!